வரும் பெட்டி, போகும் பெட்டி

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்குச் சுற்றுலா வர விசா எடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானமும் பறக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கோயம்புத்தூர்த் தமிழும் மதுரைத் தமிழும் முன்பைவிட அதிகமாகக் காதில் விழுகின்றன. எதிர்த்திசைப் போக்குவரத்து பழையது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் புக்கிட் மெர்தாஜாம், கூலிம், பட்டர்வொர்த் பக்கத்துக் குடும்பங்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடும். கோயில் பார்க்க, கல்யாணச் சாமான் வாங்க, தாத்தாவின் ஊர் எதுவென்று கண்டுபிடிக்க என்று ஆளுக்கொரு காரணம்.

போய்வந்த இரண்டு குடும்பங்களின் பெட்டிகளையும் கூடத்தில் பிரித்துப் போட்டால் சுவையான காட்சி கிடைக்கும். இரண்டும் தமிழ்க் குடும்பங்கள். இரண்டிலும் ஒரு சாமி படம், ஒரு தின்பண்டப் பொட்டலம், சின்னவனுக்கு வாங்கி வழியிலேயே உடைந்துபோன ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கும். ஆனால் வாங்கிய மனசு வேறு. தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு வருகிறவர் தம் வீட்டில் இல்லாத ஒன்றைத் தேடுகிறார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தமிழ்நாடு போகிறவர், தம் வீட்டில் எப்போதோ இருந்திருக்க வேண்டிய ஒன்றைத் தேடுகிறார். முன்னவர் கேட்பது வெளிநாட்டுச் சாமான். பின்னவர் கேட்பது நம்ம ஊர்ச் சாமான். எந்தப் பொருள் பல வருடம் கழித்தும் வீட்டில் பேசப்படும், எது அடுத்த தீபாவளிக்கு வீடு கழுவும்போதே வெளியே போகும் என்பதற்கு இந்த வேறுபாடு பாதி விடை தருகிறது. மீதி விடையைத் தேடத்தான் பெட்டிகளைக் கிளற வேண்டும்.

முதலில் பினாங்கிலிருந்து போகும் பெட்டி. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மைகள் ஒரு கொத்து. பினாங்குப் பாலம் பொறித்த சாவிக்கொத்து. ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் ஓவியம் அச்சிட்ட டி-சட்டை. சாக்லேட். ஈப்போ வெள்ளைக் காப்பித் தூள். பாத்திக் துணி. ஈயக் குவளை ஒன்று. கோடாலித் தைலம், புலித் தைலம்.

இந்தப் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். காப்பி, பெயரிலேயே சொல்லிவிடுகிறது, பக்கத்துப் பேராக் மாநிலத்து ஈப்போவுடையது. பாத்திக்குப் பேர்போனவை கிழக்குக்கரையில் உள்ள கிளந்தானும் திரெங்கானுவும். ஈயப் பாத்திரத்தின் பெரிய பெயர் கோலாலம்பூருடையது. கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் பிறந்தது. புலித் தைலம் ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது. காந்தப் பொம்மையும் சாவிக்கொத்தும் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து வருபவை; பாலத்தின் படத்தை மாற்றினால் அதே அச்சு இஸ்தான்புல்லுக்கும் ஆகும். டி-சட்டையில் இருக்கும் ஓவியம் மட்டும் உண்மையில் பினாங்கினுடையது. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகரேவிச் 2012இல் அந்தச் சுவரில் தீட்டியது அது. ஆக, பினாங்கு போய்வந்த பெட்டியில் பினாங்கு மிகக் குறைவு.

இதற்காக அந்தக் குடும்பத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மூன்று நான்கு நாள் பயணம், கூடவே பிள்ளைகள், கையில் ஒரு நீண்ட பட்டியல். அலுவலகத்தில் இத்தனை பேர், அபார்ட்மெண்ட் மாடியில் இத்தனை வீடு, சம்பந்தி வீடு தனி. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: தலைக்கணக்குப் பார்த்துக் கொடுக்க வாங்குவது வேறு, குடும்பம் தனக்கென்று சேர்ப்பது வேறு. முதலாவதற்குக் காந்தப் பொம்மையும் சாக்லேட்டும் போதும், தாராளமாக வாங்கலாம். கொடுத்தது போக மிஞ்சிய காந்தப் பொம்மையே தன் வீட்டு நினைவுப்பொருளாகவும் ஆகிவிடுவதுதான் கோளாறு.

கோடாலித் தைலத்தை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். அது பினாங்குப் பொருள் அல்ல என்றாலும் இந்தக் கடல்வழியின் பொருள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம், 1985இல் தீ விபத்து ஏற்படும்வரை ஓடியது. அந்தக் கப்பல்களில் ஊர் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியில் டார்ச் லைட், குடை, கைலி இவற்றோடு அந்தத் தைலமும் இருந்தது. டார்ச்சும் குடையும் உள்ளூரிலேயே மலிந்தபின் மதிப்பிழந்தன. தைலம் மட்டும் பாட்டியின் சுருக்குப்பையில் தங்கிவிட்டது. தலைவலி, மூட்டுவலி, பேருந்தில் குமட்டல் என்று தினமும் அதற்கு வேலை இருந்ததுதான் காரணம். இன்று சென்னை மருந்துக் கடையிலும் இணையத்திலும் அது கிடைக்கிறது. வெளிநாட்டு மவுசு ஆவியாகிவிட்டது, வேலை நிற்கிறது. வீட்டில் வேலை காத்திருக்கும் பொருள்தான் நிலைக்கும் என்பதற்கு நம்மிடம் இதைவிட நல்ல சான்று இல்லை.

அப்படியானால் பினாங்கில் பிறந்து, தமிழ் வீட்டில் வேலையும் உள்ள பொருள் எது? தயங்காமல் ஜாதிக்காய் என்பேன்.

டச்சுக்காரர்கள் கையிலிருந்த மலுக்குத் தீவுகளை 1796இல் ஆங்கிலேயர் பிடித்தபோது, அங்கிருந்து ஜாதிக்காய்க் கன்றுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கில் கொண்டுவந்து நட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தீவு முழுக்க ஜாதிக்காய்த் தோட்டங்கள். 1860 வாக்கில் நோய் தாக்கி மரங்கள் பட்டுப்போயின, பெருந்தோட்டக்காரர்கள் கையைவிட்டார்கள். ஆனால் தீவின் மேற்குப் பக்கம் பாலிக் பூலாவ் மலைச்சரிவுகளில் இன்றும் மரங்கள் நிற்கின்றன. காய் பழுத்து வெடித்தால் உள்ளே பழுப்புக் கொட்டை, அதன்மேல் செக்கச்செவேலென்று வலை பின்னியதுபோல் ஜாதிபத்திரி. தமிழ் வீடுகளுக்கு இந்த இரண்டும் தெரியும். கொட்டையை உரைகல்லில் தேய்த்துக் குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பது பாட்டிமார் வழக்கம் (இன்றைக்குக் கொடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்). பத்திரி பிரியாணிக்குப் போகும். நமக்குத் தெரியாதது அதன் சதை. புளிப்பும் துவர்ப்பும் காரமுமான அந்தச் சதையை நம் மளிகைக் கடை கண்டதே இல்லை. பினாங்குக்காரர்கள் அதைச் சீவி, உப்பிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, காயவைத்து வைப்பார்கள்; சாறு பிழிந்து பனிக்கட்டி போட்டுக் குடிப்பார்கள். சௌராஸ்தா சந்தையில் ஜாடி ஜாடியாக விற்கிறது.

தெரிந்த பொருளின் தெரியாத பாதி என்பதால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன். கொட்டையும் பத்திரியும் சதையும் மூன்றையும் வாங்கி ஊரில் மேசைமேல் வைத்தால், மூன்றும் ஒரே காய் என்பதை வீட்டுப் பெரியவர்களே வியந்து பார்ப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தார் மட்டும் எங்கள் தோப்பிலேயே மரம் இருக்கிறதே என்று சொல்லக்கூடும். அவர்களுக்கு வேறு பொருள் பார்த்துக்கொள்ளலாம். காய்ந்த, பக்குவம் செய்த சரக்காக வாங்குவது நல்லது. பச்சைக் காய், முளைக்கும் விதை, மண் ஒட்டிய கன்று இவற்றை இரு நாட்டுச் சுங்கமும் அனுமதி இல்லாமல் விடாது.

இன்னொன்று தம்புன் பிஸ்கட் எனப்படும் தௌ சார் பியா. பாசிப்பயற்றுப் பூரணத்தை வெங்காயம் வதக்கிச் சேர்த்து, மெல்லிய அடுக்குமாவில் பொதிந்து சுடும் சீனத் தின்பண்டம். நம் சுழியத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். பழைய செய்முறையில் பன்றிக்கொழுப்பு உண்டு. இப்போது தாவர எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். வெகுநாள் தாங்காது. அதுவே அதன் நல்ல குணம், ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே எல்லாரையும் கூப்பிட்டுப் பகிர்ந்தாக வேண்டும்.

இனி தமிழ்நாட்டிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு வரும் பெட்டி. இதன் கதை கனமானது, எடையிலும்தான்.

புக்கிட் மெர்தாஜாம் அடங்கிய செபராங் பிறைக்குத் தமிழர்கள் பெருமளவில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களுக்கு. பின்னர் ரப்பர் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்து, பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போகும் காலம் இது. பல குடும்பங்களிடம் பூர்வீகம் என்று மிஞ்சியிருப்பது ஒரு ஊர்ப்பெயரும் ஒரு குலசாமிப் பெயரும். சில வீடுகளில் அதுவும் பாதிதான். அப்படிப்பட்ட குடும்பம் திருச்சியில் இறங்கினால் கடைக்குப் போவதுகூட ஒரு தேடல்தான். அதனால்தான் அவர்கள் பெட்டியில் காந்தப் பொம்மை அநேகமாக இருக்காது. குத்துவிளக்கு இருக்கும், பட்டுப்புடவை இருக்கும், தலையாட்டிப் பொம்மை இருக்கும், பஞ்சாமிர்தம் இருக்கும், திருநீறு பொட்டலம் பொட்டலமாக இருக்கும்.

குத்துவிளக்கில் இந்த ஒப்பீட்டின் முக்கியமான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் விளக்குக்குப் பேர்போன ஊர். அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அடிப்பாகம், தண்டு, தகழி, மேலே அன்னம் அமர்ந்த பிரபை எனத் தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிப் பொருத்துகிறார்கள். இந்தத் திருகு விமானப் பயணிக்குப் பெரிய உபகாரம். "அண்ணே, கழட்டித் துணி சுத்திக் குடுங்க, ப்ளைட்ல போவணும்" என்று கேட்டால் போதும், "எந்த ஊரும்மா, மலேசியாவா?" என்று கேட்டுக்கொண்டே பகுதி பகுதியாகச் சுற்றித் தந்துவிடுவார்கள்.

ஆனால் அதே விளக்கு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலேயே அடுக்கி வைத்திருக்கிறதே? சரக்கு அங்கிருந்துதான் வருகிறது, விலை கொஞ்சம் கூட. விமானக் கட்டணம் கொடுத்து, எடைக் கணக்குப் பார்த்து, அண்டாவும் குண்டாவும் சுமந்து வருவதில் என்ன இலாபம்? சென்னை தியாகராய நகர்க் கடையில் வாங்கியிருந்தால் ஒரு இலாபமும் இல்லை என்பது என் கட்சி. பினாங்குத் தெருக் கடையும் அதுவும் ஒன்றே. நாச்சியார்கோவில் பட்டறைக்கே போய், காவிரி வண்டலில் அச்சு எடுப்பதையும், உருகிய பித்தளை ஊற்றப்படுவதையும், கடைசல் பிடித்ததும் கறுத்த உலோகம் பொன்னாக மாறுவதையும் பிள்ளைகள் நின்று பார்த்திருந்தால் கதை வேறு. அப்போது அந்த விளக்குக்கு வீட்டில் ஒரு சாட்சி இருக்கிறான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்த நெருப்பைப் பற்றிச் சொல்ல ஒரு வாய் இருக்கிறது. பொருளை எங்கே வாங்கினோம் என்பதைவிட, அது உண்டாவதைப் பார்த்தோமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

கப்பல் காலத்தில் இந்த எடைக் கணக்கே இல்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் கடல் தாண்டி வந்திருக்கின்றன. விமானம் வந்து கிலோக் கணக்கு வைத்ததும் கல் நின்றுபோய்ப் பித்தளை சிறுத்தது. பட்டும் பொம்மையும் முன்னுக்கு வந்தன. எதை நினைவாகக் கொண்டு வருகிறோம் என்பதில் பாதியை விமான நிறுவனத்தின் தராசு தீர்மானிக்கிறது.

பட்டுப்புடவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது கல்யாணக் கணக்கில் சேரும். கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடையில் வாங்கினால் ஏமாறும் வாய்ப்புக் குறைவு என்பதோடு விட்டுவிடலாம்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதில் இரண்டு வகை. ராஜா ராணிப் பொம்மையின் அடிப்பாகம் கனமாகவும் குவிந்தும் இருக்கும். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். நாட்டியப் பொம்மை தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகக் கோத்துத் தொங்கவிடப்பட்டது. தொட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடும். இரண்டும் தொடுவதற்காகவே செய்யப்பட்டவை. ஆனால் புக்கிட் மெர்தாஜாம் வீடுகளில் அவை எங்கே இருக்கின்றன? கண்ணாடி அலமாரிக்குள், பூட்டி. பிள்ளை கை நீட்டினால் "ஏய், தொடாதே, இந்தியாவுல வாங்குனது!" என்று ஒரு அதட்டல். ஆடப் பிறந்த பொம்மை வருடக்கணக்கில் ஆடாமல் நிற்கிறது. பினாங்கு போய்வந்த தமிழ்நாட்டு வீட்டின் காந்தப் பொம்மையாவது தினமும் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு உழைக்கிறது! இந்த ஒரு விஷயத்தில் அந்த மலிவுச் சரக்கு ஜெயித்துவிட்டது. ராஜா ராணியை வாங்குங்கள், வெளியே வையுங்கள். உடைந்தால் மறுபடி தஞ்சாவூர் போக ஒரு காரணம் கிடைத்தது.

இந்தப் பெட்டியில் நான் அரிதாகவே பார்க்கும் பொருள் பத்தமடைப் பாய். திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, சாயம் தோய்த்து நெய்வது. நுணுக்கமான வகை துணிபோல மடியும். சொல்லிவைத்தால் மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். எடை இல்லை, உடையாது, சுருட்டினால் கைப்பைக்குப் பக்கத்தில் நிற்கும். தமிழ்நாட்டில் அலைந்து திரிந்து குலசாமியின் பெயரைக் கண்டுபிடிக்கும் குடும்பம், தன் பெயரையே ஒரு பொருளில் நெய்துகொண்டு வரலாம் என்பதை ஏன் இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. திருச்சி, தஞ்சை, மதுரை என்ற வழக்கமான வட்டத்துக்குத் தெற்கே போகாததால் இருக்கலாம்.

தின்பண்டத்தில் தம்புன் பிஸ்கட்டுக்கு எதிரே வைக்கத் தக்கது பழனிப் பஞ்சாமிர்தம். மலைவாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை, அதனாலேயே தாங்குகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குத் தைப்பூசத்தில் காவடி எடுக்கும் வீட்டில் பழனிப் பஞ்சாமிர்த டப்பா திறக்கப்படுகிறது என்றால் அது தின்பண்டக் கணக்கில் வராது. பிஸ்கட்டைப் பகிர்ந்தால் "நல்லாருக்கே, என்ன இது?" என்று கேட்பார்கள். பஞ்சாமிர்தத்தை யாரும் என்னவென்று கேட்பதில்லை; இரு கையையும் சேர்த்து நீட்டுவார்கள். இல்லாததைத் தேடியவருக்கும் இருந்திருக்க வேண்டியதைத் தேடியவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கை நீட்டலில் தெரிந்துவிடுகிறது.

குலசாமி கோயில் மண்ணை ஒரு பிடி முடிந்துகொண்டு வர ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசை புரிகிறது, ஆனால் மண்ணுக்கு அனுமதி வேண்டும், விமான நிலையத்தில் பறித்துவிட்டால் மனசு கெட்டுப்போகும். திருநீறோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இதுவரை எதிரெதிராகப் போன இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல ஆகிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அது புக்கிட் மெர்தாஜாமிலேயே, கூலிம் சாலையோரம், மலையடிவாரத்தில் உள்ள புனித அன்னாள் ஆலயம்.

1846இல் குன்றின்மேல் சிற்றாலயமாகத் தொடங்கியது. 1888இல் எழுந்த பழைய ஆலயம் இன்றும் நிற்கிறது. கம்யூனிஸ்ட் கலக அவசரகாலத்தில் இந்த வட்டாரம் அபாயப் பகுதியாகி ஆலயம் மூடிக்கிடந்த காலமும் உண்டு. 2002இல் மினாங்கபாவ் பாணிக் கூரையோடு பெரிய புதிய ஆலயம் கட்டினார்கள். 2019இல் பசிலிக்காத் தகுதி கிடைத்தது. ஜூலை 26 அன்னாள் திருவிழா. அந்த நாட்களில் சிங்கப்பூர் உட்பட எங்கிருந்தெல்லாமோ லட்சத்துக்கும் மேல் மக்கள் கூடுவார்கள். தமிழ், மாண்டரின், ஆங்கிலம், மலாய் எனப் பல மொழிகளில் பூசை நடக்கும். கத்தோலிக்கர் அல்லாதவர்களும், நம் இந்துக் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும், மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பதை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

இதற்கு எதிரே வைக்க வேண்டியது நாகப்பட்டினக் கரையின் வேளாங்கண்ணி. அது 1962இல் பசிலிக்கா ஆனது. செப்டம்பர் 8 திருவிழா. அங்கே இருப்பவர் மரியாள், இங்கே இருப்பவர் அவருடைய தாய். அங்கிருந்து மக்கள் கொண்டு வருவது மாதா எண்ணெய்; இங்கிருந்து கொண்டு போவது ஊற்றுத் தண்ணீர். இரண்டும் சிறு பாட்டிலில் அடங்குபவை. இரண்டுக்கும் விலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டும் வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கிவிடுகின்றன: காய்ச்சல் நெற்றியில், தேர்வுக்குப் போகும் பிள்ளையின் தலையில், புது வண்டியின் சக்கரத்தில். குணமாகிறதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நினைவுப்பொருள் என்ற கோணத்தில் மட்டும் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் இந்தத் தண்ணீரையும் எண்ணெயையும் மிஞ்ச எதுவுமில்லை. தீர்ந்துபோகும், தீர்ந்தால் திரும்பப் போக வேண்டும். அலமாரியில் நிற்கும் பொருள் ஒரு பயணத்தை முடித்து வைக்கிறது. தீரும் பொருள் அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கிறது.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வேறுபாடும் உண்டு. எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் செலவாகும், வருடங்கள் தாங்கும். தண்ணீரை அப்படிச் சேமிக்க முடியாது. வைத்திருந்தால் மனசே இதைக் குடிக்கலாமா என்று கேட்கும். அதனால் வேளாங்கண்ணி எண்ணெய் தூரத்துக்குப் போகிறவர்களுக்குப் பொருத்தம், கடல் தாண்டியும் வரும். அன்னாள் தண்ணீர் அக்கம்பக்கத்தாருக்கு, கூலிமிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் காரில் வந்து நிரப்பிக்கொண்டு போகிறவர்களுக்கு. விமானத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஒரு திரவத்தையும் விடமாட்டார்கள். பதிவுப் பெட்டியில் போட வேண்டும், மூடி இறுக வேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பம் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பாட்டில் கொண்டு போவதைப் பார்த்தால், அவர்கள் இல்லாததைத் தேடி வந்தவர்கள் என்று நான் போட்ட கணக்கு அந்த இடத்தில் மட்டும் பொய்த்துப்போகிறது.

இதே ஆலய வளாகத்தில் எடுத்துப் போக முடியாத ஒன்றும் இருக்கிறது: செரோக் தோக்குன் கல்வெட்டு. பெரிய கருங்கல் பாறையில் தென்னிந்தியப் பல்லவ எழுத்து மரபைச் சேர்ந்த பழைய எழுத்துகள். ஐந்து ஆறாம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். 1845இல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி. அதே மனிதர் 1834இல் இதே செபராங் பிறை வட்டாரத்தில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்திருந்தார். புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் பயணம் நல்லபடி முடிய வேண்டி வெட்டிவைத்த கல் அது. தூக்கிப்போகும் அளவில் இருந்ததால் கல்கத்தா ஆசியக் கழகத்துக்குப் போய், இன்று அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாறை மட்டும் பாறையாக இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டது.

இரண்டு கற்களையும் பக்கம் பக்கமாக நினைத்துப் பார்த்தால் எனக்கு லோவின் மேல் கோபம் வருவதில்லை, ஒரு சங்கடம் வருகிறது. புத்தகுப்தன் வந்த ஊரில் ஒன்றை விட்டுவிட்டுப் போக நினைத்தான். அதைப் பின்னால் வந்தவர் சேகரிப்பாக எடுத்துக்கொண்டு போனார். நாம் எல்லாரும் லோவின் வழியில்தான் பயணம் போகிறோம்: எதை எடுக்கலாம், பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது? அன்னாள் ஆலயத்து வரிசையில் மட்டும் மெழுகுவத்தியை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்துப்போகும் இருவழிக் கணக்கு நடக்கிறது.

பினாங்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தீவை விட்டு இக்கரைக்கு வருவது அபூர்வம். ஜோர்ஜ்டவுனிலிருந்து படகேறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினால், கொம்யூட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் கொஞ்ச நேரம். அந்தக் கல்லையும் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்து, உனக்குப் பிடித்ததை நீயே வாங்கு என்று சொல்லிப் பாருங்கள். காந்தப் பொம்மைதான் வாங்கினால் வாங்கட்டும், தடுக்காதீர்கள். பெரியவர்கள் பங்குக்கு ஜாதிக்காய் இருக்கிறது. தமிழ்நாடு போகும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு நல்லது. தலையாட்டிப் பொம்மையைத் தன் காசில் வாங்கிய பிள்ளையை யாரும் தொடாதே என்று அதட்ட முடியாது.

ஜூலைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆலய வாசலில் பாட்டில் தேடி அலையாமல், வீட்டிலிருந்தே நல்ல மூடியுள்ள காலிப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொண்டு வாருங்கள். நிரப்பியதும் ஒட்டுத்தாளில் என்ன தண்ணீர், எந்தத் தேதி என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊர் போன இரண்டாம் நாள் வீட்டில் யாராவது அதைத் துளசிக்கு ஊற்றிவிடுவார்கள்.